இன்ஜினுக்குள் ஒரு பித்தளைக் குமிழ்

குற்றவாளி என்று பெயர் எடுத்த மனிதரே எல்லோருக்கும் டீ கொடுப்பதைக் கலைப்பிரியா தன் தொழில் வாழ்க்கையில் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தாள்.

தொழில் வாழ்க்கை என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. விழுப்புரம் பழைய பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில், ஸ்வீட் ஸ்டாலுக்கு மேல் மாடியில், 'புஷ்பதந்தன் துப்பறியும் நிலையம்' என்று ஒரு போர்டு தொங்குகிறது. அங்கே புஷ்பதந்தன் முதலாளி, மற்ற எல்லாமே கலைப்பிரியா. கண்டமங்கலத்திலிருந்து தினமும் ஸ்கூட்டியில் வந்து போகிறாள். இரண்டரை வருடத்தில் காணாமல் போன கறவை மாடு நான்கு, கல்யாணத்துக்கு முன் விசாரிக்கப்பட்ட மாப்பிள்ளைகள் பதினேழு. இதில் மாடுகளைக் கண்டுபிடித்ததுதான் சுலபம். விமானம் இதுதான் முதல் தடவை.

"டீ எடுத்துக்கோங்கம்மா. சக்கரை கம்மியாத்தான் போட்டிருக்கேன்" என்றார் பூமாலை. அறுபத்திரண்டு வயது. காக்கிச் சட்டை. அவர்கள் வந்திருந்த மனைப்பிரிவின் காவல்காரர்.

"நீங்கதானே அந்த..." கலைப்பிரியா வார்த்தையைத் தேடினாள்.

"ஆமாம்மா, நாந்தான் சதிகாரன். ஏலக்கா தட்டிப் போட்டிருக்கேன், பரவால்லையா?"

திண்டிவனத்திலிருந்து மயிலம் போகும் வழியில், மல்லாட்டை என்று இந்தப் பக்கம் சொல்லும் வேர்க்கடலைக் கொல்லைகளுக்கு நடுவே ஒரு தோரண வாயிலும் ஐம்பது கொடிகளும் திடீரென்று முளைத்து நிற்கும். அதுதான் 'விமான நகர்'. உள்ளே பைலட் முதல் குறுக்குத் தெரு, பைலட் இரண்டாம் குறுக்குத் தெரு எல்லாம் உண்டு. வீடுதான் ஒன்றுகூட இல்லை. நட்டநடுவில் ஓடும் நாற்பதடித் தார் சாலைக்கு 'ரன்வே மெயின் ரோடு' என்று பெயர். நடுக்கோடு வெள்ளையாகப் பளிச்சிட, சாலை நேராகப் போய் வானத்தில் ஏறுவது போலிருந்தது. நீளம் அறுநூறு மீட்டர் என்று நோட்டீசில் போட்டிருந்தது.

சாலையோரம் ஷாமியானாவுக்குக் கீழே விமானம் நின்றது. அலுமினியக் குழாயும் கெட்டித் துணியும் சேர்த்துக் கட்டிய உடம்பு. முன்னும் பின்னுமாக இரண்டு சீட்டு. மூக்கில் பழைய ஆம்னி வேனின் இன்ஜின். விசிறிக்கு மாலை போட்டு, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் நசுக்கி, வாலில் பூசணிக்காயைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள்.

"பூசணிக்காய் வெயிட்ட கணக்குல சேத்தாங்களா சார்?" என்று கலைப்பிரியா கேட்டாள்.

கேள்வி புஷ்பதந்தனுக்கு. ஐம்பத்தெட்டு வயது, ஒல்லி உடம்பு, மழுங்கச் சிரைத்த முகம். முப்பது வருடம் வாகன இன்சூரன்சில் விபத்துச் சேதம் பார்த்துவிட்டு ஓய்வு பெற்றவர். செஞ்சிப் பக்கத்து நயினார், அதாவது தமிழ்ச் சமணக் குடும்பம். பொழுது சாய்ந்தபின் எதுவும் சாப்பிட மாட்டார். அதனால் அவர் கையில் எடுத்த வழக்குகள் எல்லாம் ஆறு மணிக்குள் முடிந்துவிடும் என்று கலைப்பிரியா ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்தாள். இப்போது அவர் தோரண வாயிலில் கட்டியிருந்த பேனரைப் பார்த்துக்கொண்டிருந்தார். 'துப்பறியும் புலியே வருக' என்ற எழுத்துக்குக் கீழே, பெரிய மீசையும் தொப்பியும் வைத்த யாரோ ஒருவர் முறைத்துக்கொண்டிருந்தார்.

"உங்க போட்டோ கெடைக்கல சார்" என்றபடி வந்தார் பிரவீன்குமார். விமான நகரின் அதிபர். வெள்ளைச் சட்டை, இரண்டு கையிலும் இரண்டு போன். "நெட்டுல டிடெக்டிவ்னு போட்டோம், இவரு வந்தாரு. கம்பீரமா இருந்தாரு, வச்சிட்டோம்."

"அவரையே கூப்பிட்டிருக்கலாமே" என்றார் புஷ்பதந்தன்.

பிரவீன்குமார் சிரித்துவிட்டு நடந்ததைச் சொன்னார். திண்டிவனத்தைச் சேர்ந்த கெங்கம்மாள் என்கிற பெண், ஆறு வருடம் பாடுபட்டுத் தன் கையாலேயே இந்த விமானத்தைக் கட்டினார். பறக்கவிட இடம் இல்லாமல் தவித்தவருக்கு விமான நகர் சாலையைக் கொடுத்தது. போன ஞாயிற்றுக்கிழமை விழா. பறப்பதற்கு அனுமதி கேட்டால் காலம் ஆகும் என்பதால் நோட்டீசில் 'தாவும் விழா' என்று போட்டுக்கொண்டார்கள். இரண்டாயிரம் பேர் கூடினார்கள். இன்ஜினைக் கிளப்பியதும் நான்கு தடவை இருமி நின்றுவிட்டது. டி.வி. கேமரா முன்னாலேயே பிரவீன்குமாரின் ஃபிட்டர் மூடியைத் திறந்து, இன்ஜினுக்குக் காற்றுப் போகும் குழாய்க்குள் விரலை விட்டு ஒரு சாமானை வெளியே எடுத்தார். அது அந்த இன்ஜினைச் சேர்ந்ததே இல்லை. சதி என்று கூச்சல் கிளம்பியதும் விழா அங்கேயே நின்றது.

"சதி சார். வேற லேஅவுட்காரன் பண்ண சதி. ராத்திரிப் பூரா வண்டிக்குக் காவல் இருந்தது இந்த பூமாலைதான். காச வாங்கிக்கினு உள்ள போட்டுட்டாரு. சாயந்தரம் அஞ்சு மணிக்குப் பிரஸ் மீட். உங்க ரிப்போர்ட்ட மேடையில வாசிக்கிறோம், அப்படியே ஊர்வலமா போயி இவர ஸ்டேஷன்ல ஒப்படைக்கிறோம்."

"சார், உங்களுக்கு இன்னொரு டீ?" என்றார் பூமாலை.

"குடுங்க" என்றார் பிரவீன்குமார்.

"கெங்கம்மாளைப் பாக்கணுமே" என்றார் புஷ்பதந்தன்.

"அக்கா ஷாக்குல இருக்காங்க சார். யாரையும் பாக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு."

"எந்த டாக்டர்?"

"ஃபேமிலி டாக்டர்."

"யாரோட ஃபேமிலிக்கு?"

பிரவீன்குமாரின் இடது கைப் போன் அடித்தது. நல்ல சமயத்தில் அடிக்கிற போன்.

அந்தச் சாமானை நகைப் பெட்டிக்குள் சிவப்பு வெல்வெட் மேல் வைத்திருந்தார்கள். எலுமிச்சம்பழ அளவில் ஒரு பித்தளைக் குமிழ். ஒரு பக்கம் திருகாணித் துளை. எதிர்ப்பக்கம் தேய்ந்து பளபளத்தது. இடுப்பைச் சுற்றி வெள்ளை நாடா, நெருக்கமாக, ஒரு சுருக்கம் இல்லாமல் சுற்றியிருந்தது.

"அடிபட்ட பார்ட்டா சார்? கட்டுப் போட்டிருக்காங்க" என்றாள் கலைப்பிரியா.

புஷ்பதந்தன் அன்றைக்கு முதல் தடவையாக அவளைத் திரும்பிப் பார்த்தார். குமிழை மூக்கருகே கொண்டுபோய் மோந்தார். மறுபடி மோந்தார்.

"நல்ல கேள்வி கேட்ட கலை. எதிரியோட இன்ஜினக் கெடுக்க வர்றவன், குழாயில கீறல் விழக் கூடாதுன்னு கட்டுப் போட்டுக்கினு வருவானா?"

"ஆஸ்பத்திரியில வேலை செய்யிற எதிரியா இருப்பான்."

"வண்டிய எடு."

*

துப்பு கிடைத்தால் முதல் வேலை அது என்ன சாமான் என்று தெரிந்துகொள்வது. திண்டிவனத்தில் அது கஷ்டமாக இல்லை. கேட்ட எல்லோருக்குமே தெரிந்திருந்தது. டிராக்டர் ஸ்பேர் கடைக்காரர், கியர் கம்பியின் தலை என்று அடித்துச் சொன்னார். பர்னிச்சர் கடைக்காரர், கட்டில் காலின் குமிழ் என்றார். பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று டீக்கடையில் உட்கார்ந்திருந்த ஒருவர் பத்தடி தள்ளி நின்றுகொண்டு, அதை மெதுவாகக் கீழே வைக்கச் சொன்னார். கடை டி.வி.யில் நான்கு நிபுணர்கள் இந்தக் குமிழைப் பற்றித்தான் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். நால்வரில் ஒருவரும் அதை நேரில் பார்த்ததில்லை என்பதால் சண்டை சிக்கலில்லாமல் போய்க்கொண்டிருந்தது.

"சைனாவுல செஞ்சதுன்றாரு சார் டி.வி.யில கண்ணாடி போட்டவரு" என்றாள் கலைப்பிரியா.

"இதுல நம்ம ஊரு கடைசல் ரேகை தெரியுது. பித்தளை கடையறவன்கிட்டதான் போகணும். விழுப்புரத்துக்கு விடு."

நெடுஞ்சாலையில் முக்கால் மணி நேரம். பின்சீட்டில் புஷ்பதந்தன் சாப்பாட்டுத் தூக்கையும் நகைப் பெட்டியையும் மடியில் வைத்துக்கொண்டு, ஹெல்மெட்டுக்குள் கண்ணை மூடியிருந்தார். யோசிக்கிறாரா தூங்குகிறாரா என்று கலைப்பிரியாவுக்கு இதுவரை தெரிந்ததில்லை. ஸ்பீட் பிரேக்கரில் ஏற்றி இறக்கியபோது, "நாடாவுல வார்னிஷ் வாசனை" என்றார். சரி, யோசனைதான்.

விழுப்புரத்தில் கோயில் சாமான் கடை வைத்திருக்கும் பாண்டுரங்கன், குமிழைப் பார்க்கக்கூட இல்லை. விரல் நகத்தால் ஒரு சுண்டு சுண்டிக் காதில் வைத்துக் கேட்டார்.

"இது நம்ம புள்ளதான் சார். நம்ம பட்டறையில கடஞ்சது."

"எதோட பாகம்?"

"கோயில்ல கரண்டுல ஓடுற மேள மிஷின் இருக்குதுல்ல? சுவிட்ச்சப் போட்டா மேளம், ஜால்ரா, மணி எல்லாம் தானா அடிக்குமே. அதுல மணி அடிக்கிற குமிழ் இது. மிஷினோட வர்றது பொசுக்குனு ஒடஞ்சிடுது. அதான் கெட்டியா கடஞ்சி மூணு கோயிலுக்குக் குடுத்தேன்."

"எந்த மூணுல இருந்து காணாம போச்சுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? மூணு ஊருக்கும் அலையணுமா?" என்று கலைப்பிரியா அலுத்துக்கொண்டாள்.

புஷ்பதந்தன் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பன்னிரண்டு அடிக்க ஒரு நிமிடம். "மூணு கோயில் நம்பரும் இருக்குதுங்களா?"

"இருக்குது."

"இப்ப போன் போடுங்க. எதுவும் பேச வேணாம். உச்சிகால பூஜை நேரம்."

பாண்டுரங்கன் ஸ்பீக்கரில் போட்டார். முதல் கோயிலில் யாரோ "அலோ" என்று கத்தியது, மிஷினின் இடிமுழக்கத்தில் காணாமல் போனது. அதற்குள் தனியாக ஒரு மணி கணீரென்று கேட்டது. இரண்டாவது கோயிலிலும் அதே அமர்க்களம், அதே மணி. மூன்றாவது எண்ணில் ஒரு பெண் குரல், நிதானமாக, "சொல்லுங்க" என்றது. அவள் குரலுக்குப் பின்னால் ஒரு காக்கை கத்துவது தெளிவாகக் கேட்டது.

"அமைதியா இருக்குதே" என்றாள் கலைப்பிரியா.

"அதுதான் துப்பு" என்றார் புஷ்பதந்தன்.

*

மூன்றாவது கோயில் மயிலத்துக்கு இந்தப் பக்கம், ஒரு சின்னக் கிராமத்தின் மாரியம்மன் கோயில். போனில் பேசிய பெண்ணின் பெயர் இசைவாணி. தர்மகர்த்தாவின் மருமகள். கோயில் சாவி அவள் இடுப்பில் இருந்தது. மேள மிஷின் இருந்த மூலையில் இப்போது நான்கு போல்ட்டுகள் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தன.

"திருட்டுப் போயிடுச்சுங்களா?" என்று புஷ்பதந்தன் கேட்டார்.

"அத யாரு திருடுவாங்க? நாங்களேதான் கழட்டிக் குடுத்தோம். மோட்டார் காயில் எரிஞ்சிப் போச்சு, ரிப்பேருக்குப் போயிருக்குது. பத்து நாளு ஆவுது." இசைவாணி குரலைத் தாழ்த்தினாள். "பத்து நாளா ஊரு நிம்மதியா இருக்குது சார். புள்ளைங்க படிக்குதுங்க. எங்க மாமனாருக்கு பிரஷரு இறங்கிடுச்சு. நீங்க ரிப்பேர்காரங்களப் பாத்தீங்கன்னா, அவசரமே இல்லன்னு சொல்லிடுங்க."

"யாரு ரிப்பேர்காரங்க?"

"கெங்கம்மா அக்காதான். திண்டிவனத்துல ரயில்வே கேட்டாண்ட மோட்டாருக்குக் காயில் கட்டுற கடை வச்சிருக்காங்க. டி.வி.யிலகூட வந்தாங்களே, ஏரோப்ளேன் அக்கா."

கலைப்பிரியா கையிலிருந்த ஹெல்மெட் நழுவித் தரையில் உருண்டது. புஷ்பதந்தன் அதை எடுத்துத் துடைத்து அவளிடம் கொடுத்தார். அவர் முகத்தில் ஆச்சரியமே இல்லை.

"சார், உங்களுக்கு முன்னாலயே தெரியும்."

"காயில் கட்டுறவங்கதான் அந்த மாதிரி நாடா சுத்தி வார்னிஷ் போடுவாங்க. யாருன்னு தெரியாது. என்ன தொழில்னு தெரியும்."

"அப்ப நான் எதுக்கு விழுப்புரத்துக்கும் மயிலத்துக்கும் வண்டி ஓட்டினேன்?"

"தொழில் தெரிஞ்சா போதுமா? பேரு வேணாமா?"

*

ஷாக்கில் இருப்பதாகச் சொல்லப்பட்ட கெங்கம்மாள், தன் கடையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, போர்வெல் மோட்டார் ஒன்றுக்குக் காயில் கட்டிக்கொண்டிருந்தார். நாற்பத்தேழு வயது. முழங்கைவரை வார்னிஷ் கறை. பக்கத்தில் பலகைமேல் மேள மிஷின் பிரிந்து கிடந்தது. மணி அடிக்கும் கம்பியின் முனை மொட்டையாக இருந்தது.

புஷ்பதந்தன் நகைப் பெட்டியைத் திறந்து அவர் முன்னால் வைத்தார்.

"அட, கொண்டாந்துட்டீங்களா" என்றார் கெங்கம்மாள். "இது இல்லாம கோயில்காரங்களுக்கு பதில் சொல்ல முடியாம பேஜாரா இருந்தது."

தயாராக வைத்திருந்த கேள்விகளையெல்லாம் விட்டுவிட்டுக் கலைப்பிரியா கடைசிக் கேள்விக்கே போனாள். "இத இன்ஜின்ல வச்சது..."

"நான்தான்."

"ஏங்க, அத ஒத்துக்கறீங்களா?"

"என்னாம்மா கேள்வி இது? நான் அன்னிக்கே சொன்னேனே. இன்ஜின் நின்ன அஞ்சாவது நிமிஷம் பிரவீன்குமாரு தம்பிகிட்ட சொன்னேன். 'அக்கா, நீங்க ஷாக்குல இருக்கீங்க'ன்னுச்சு. அப்பறம் டி.வி.காரங்ககிட்ட சொன்னேன். 'சதின்னு ஃபிளாஷ் நியூஸ் போயிடுச்சும்மா, இனிமே மாத்த முடியாது'ன்னாங்க. நானும் எத்தினி பேருகிட்டதான் சொல்றது? காயில் கட்டுற வேலை வேற கெடந்தது."

கலைப்பிரியா புஷ்பதந்தனைப் பார்த்தாள். அவர் வாழ்க்கையில் முதல் தடவையாக, ஒரு நாள் முழுக்கத் தேடிக் கண்டுபிடித்த குற்றவாளி, நான்கு நாளுக்கு முன்பே தன்னைத் தானே கண்டுபிடித்துக் கொடுத்துவிட்டிருந்தார். அதைவிட, புஷ்பதந்தனை வேலைக்கு வைத்த பிரவீன்குமாருக்கு அது முதல் நாளே தெரிந்திருந்தது.

"ஏன் வச்சீங்க?" என்று கேட்டார் புஷ்பதந்தன்.

கெங்கம்மாள் கையிலிருந்த கம்பியைக் கீழே வைத்தார்.

"என் வண்டி ஒரு ஆளோட ஏற நானூறு மீட்டர் ஓடணும் சார். ரெண்டு ஆளுன்னா ஐநூறு. நோட்டீசுல அறுநூறுன்னு போட்டிருந்தது, நம்பிட்டேன். முந்தின நாளு நானே அடி வச்சி அளந்தேன். முன்னூத்திப் பத்துல ரோடு முடிஞ்சிடுச்சு."

"நேரா வானம் வரைக்கும் போவுதேங்க" என்றாள் கலைப்பிரியா.

"முன்னூத்திப் பத்து மீட்டர் தார்ல போவுது. மிச்சம் பேனர்ல போவுது. அந்தக் கடைசியில இருபதடி உசரத்துக்கு ரோடும் வானமும் வரஞ்சி ஒரு பேனர் கட்டியிருக்காங்க. பக்கத்துல போனாத்தான் தெரியும்." கெங்கம்மாள் பெருமூச்சு விட்டார். "தம்பிகிட்ட மூணு தடவ சொன்னேன், வேணாம்னு. கேக்கல. அன்னிக்கு மேடையில மனை வாங்கினவங்க பேரக் குலுக்கல் போட்டு, ரிட்டையர்டு ஹெட்மாஸ்டர் முத்துசாமின்னு ஒருத்தர, மாலையெல்லாம் போட்டு என் பின்சீட்டுல ஏத்திட்டாங்க. எறங்குங்கன்னேன். அவுரு துபாய்ல இருக்கிற பையனோட வீடியோ கால்ல பேசிக்கினு இருந்தாரு, என் பேச்சு காதுலயே விழல. ஒயரப் புடுங்கினா அந்த ஃபிட்டரு ரெண்டு நிமிஷத்துல மாட்டிடுவான். டூல்ஸ் பையில இந்தக் குமிழ் இருந்தது. நாடாவச் சுத்தி, குழாயில வச்சிட்டேன்."

"ரெண்டாயிரம் பேரு முன்னாடியா?"

"எல்லாரும் போனத் தூக்கிப் படம் புடிச்சிக்கினுதான் இருந்தாங்க. ஆனா எல்லாம் அவுங்க மூஞ்சியத்தான் புடிச்சாங்க."

புஷ்பதந்தன் எழுந்தார். "உங்களுக்குத் தெரியுமான்னு தெரியல. இதுக்காக வாட்ச்மேன் பூமாலைய சாயந்தரம் போலீஸ்ல ஒப்படைக்கப் போறாங்க."

கெங்கம்மாளின் முகம் மாறியது. "லீவுல ஊருக்குப் போயிருக்காருன்னாங்களே" என்றார். உடனே கையைக் கெரசினில் கழுவ ஆரம்பித்தார்.

*

ஐந்து மணிக்கு விமான நகரில் முந்நூறு நாற்காலி நிறைந்துவிட்டது. மனை வாங்கியவர்களும் வாங்கப் போகிறவர்களும் கேமராக்களும் வந்திருந்தனர். சதி நடந்த இடம் என்று பேர் வந்த பிறகு மனைகளுக்குக் கிராக்கி கூடிவிட்டதாகப் பிரவீன்குமார் மேடைக்குப் பின்னால் யாரிடமோ பெருமையடித்துக்கொண்டிருந்தார். அதற்குள் கலைப்பிரியா ஸ்கூட்டியில் ரன்வே மெயின் ரோட்டை ஒரு தடவை ஓட்டி மீட்டரைப் பார்த்துவிட்டாள். அப்படியே பேனருக்குப் பின்னாலும் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். வந்தபோது அவள் செருப்பு நனைந்திருந்தது.

"ரிப்போர்ட் நாங்களே டைப் பண்ணிட்டோம் சார், ஒரு கையெழுத்து" என்று பிரவீன்குமார் தாளை நீட்டினார்.

புஷ்பதந்தன் நிதானமாகப் படித்தார். "எழுத்துப் பிழையே இல்ல" என்று பாராட்டிவிட்டு, தாளை நான்காக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு மைக்கைப் பிடித்தார்.

"வணக்கம். பேனர்ல இருக்கிறவர் வரல, நான்தான் வந்திருக்கேன். ஹெட்மாஸ்டர் முத்துசாமி ஐயா வந்திருக்காருங்களா?"

முன்வரிசையில் ஒரு பெரியவர் கையைத் தூக்கினார். கழுத்தில் ஞாயிற்றுக்கிழமை போட்ட மாலை இன்னும் இருந்தது.

"ஐயா, உங்க மனை நம்பர்?"

"நூத்திப் பன்னெண்டு. கார்னர் மனை."

"பாத்திருக்கீங்களா?"

"மேப்புல பாத்தேன்."

"நேர்ல பாக்கலாம். பூமாலை, அந்தக் கடைசி பேனரக் கட்டினது நீங்கதானே?"

ஷாமியானாவுக்குப் பக்கத்தில் டீ டம்ளர்களை அடுக்கிக்கொண்டிருந்த பூமாலை நிமிர்ந்தார். "ஆமாங்க."

"அவிழ்த்துடுங்க."

"சார், அதெல்லாம் இப்ப..." என்று பிரவீன்குமார் குறுக்கே வந்தார். ஆனால் பூமாலை தன் வாழ்நாளில் யார் எந்த வேலை சொன்னாலும் மறுத்ததில்லை. அவர் சைக்கிளை மிதித்துக்கொண்டு போனார். இரண்டு கயிறுதான். வானமும் மேகமும் மிச்சமிருந்த இருநூற்றுத் தொண்ணூறு மீட்டர் ரன்வேயும் மடங்கிச் சரிந்து கீழே விழுந்தன.

பின்னால் ஏரி இருந்தது. கரை உடைந்த பக்கமாகத் தண்ணீர், தார் சாலையின் விளிம்புவரை வந்து நின்றிருந்தது. நம்பர் எழுதிய மனைக் கற்கள் வரிசையாகத் தண்ணீருக்குள் இறங்கிப் போயின. தூரத்தில் ஓர் எருமை கழுத்தளவு தண்ணீரில் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தது.

"கற்களை எண்ணிப் பாத்தா, நூத்திப் பன்னெண்டு அந்த எருமைக்குக் கொஞ்சம் இந்தப் பக்கம்" என்றார் புஷ்பதந்தன். "இன்ஜின்ல பித்தளைக் குமிழ வச்சது கெங்கம்மாள். அவங்க அத மறைக்கவே இல்ல. மறைச்சவர் மேடையில நிக்கிறாரு. ஏன்னா, அவங்க ஏன் வச்சாங்கன்னு தெரிஞ்சா, ரோடு எங்க முடியுதுன்னு உங்களுக்கும் தெரிஞ்சிடும். என் ரிப்போர்ட் அவ்ளோதான்."

முத்துசாமி மெல்ல எழுந்து மாலையைக் கழற்றி நாற்காலியில் வைத்தார். "அப்ப ஞாயித்துக்கிழமை என்னைய எங்க கூட்டிக்கினு போறதா இருந்தீங்க?" என்று கேட்டார். அதட்டவில்லை. வகுப்பில் ஒரு பையனைக் கேட்பது போலத்தான் கேட்டார்.

"சார், லேக் வியூ சார்" என்றார் பிரவீன்குமார். "ஏரிக்கரை மனைக்குச் சென்னையில என்னா மதிப்பு தெரியுமா..."

அதற்குப் பிறகு அவர் சொன்னது எதுவும் கேட்கவில்லை. முந்நூறு பேரும் எழுந்துவிட்டார்கள். ஊர்வலம் திட்டமிட்டபடியே காவல் நிலையத்துக்குப் புறப்பட்டது. நடுவில் யார் நடப்பது என்பதில் மட்டும் ஒரு மாறுதல். காலையிலிருந்து சதியைப் பற்றிப் பேசிய டி.வி. பெண், ஒரு மூச்சு வாங்கிவிட்டு, "இந்தச் சந்தேகத்தை நம் தொலைக்காட்சி முதலிலேயே எழுப்பியிருந்தது" என்று ஆரம்பித்தாள்.

வண்டி கிடைக்காமல் அலைந்த கெங்கம்மாள் ஒரு மினி லாரியோடு வந்து சேர்ந்தபோது இடம் காலியாகியிருந்தது. அவர் நேராகப் பூமாலையிடம் போய் நின்றார். "எனக்குத் தெரியாதுண்ணா. தெரிஞ்சிருந்தா அன்னிக்கே வந்திருப்பேன்" என்றார். நான்கு நாளாகச் சிரித்துக்கொண்டே டீ ஆற்றிய மனிதர், தோள் துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். பிறகு இறக்கையைக் கழற்ற ஸ்பேனர் எங்கே என்று கேட்டார்.

பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டாக வேண்டும் என்பதால் புஷ்பதந்தன் விமானத்தின் வாலுக்குக் கீழே உட்கார்ந்து தயிர் சாதத்தைத் திறந்தார். கலைப்பிரியா இறக்கை விழாமல் தோளால் தாங்கிப் பிடித்தாள். நினைத்ததைவிட அது லேசாக இருந்தது. காற்று கொஞ்சம் வீசியதும், தூக்கிக்கொள் என்று சொல்வது போல அதுவாகவே மேலே எழும்பியது. அவள் காலை அழுத்தி ஊன்றிக்கொண்டாள்.

அவளுக்கு ஒரு சந்தேகம் பாக்கியிருந்தது. "அக்கா, ஒண்ணு கேக்கறேன், தப்பா நெனச்சிக்காதீங்க. அன்னிக்குச் சும்மா கொஞ்ச தூரம் ஓட்டிட்டு, பேனருக்கு முன்னால பிரேக் போட்டு நிறுத்தியிருக்கலாமே. ஜனமும் கை தட்டியிருக்கும், உங்களுக்கும் இந்தப் பேரு வந்திருக்காது."

கெங்கம்மாள் கடைசிப் போல்ட்டைக் கழற்றி முடித்தார். அதைக் கையில் வைத்துக்கொண்டு சாலையைப் பார்த்தார்.

"பறக்காதுன்னு தெரிஞ்சிருந்தா ஓட்டிக் காமிச்சிருப்பேன் கண்ணு" என்றார். "இது பறக்கும். ஓட ஆரம்பிச்சிட்டா, என் கை பிரேக்குக்குப் போவாது."